ஒரே போர்ட், பல மென்பொருள்கள்: டிரான்ஸீவரைக் கணினியால் இயக்குவது பற்றி வாசகர் கேள்விகள்

ஹாம் ரேடியோவை (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) கட்டற்ற மென்பொருளால் இயக்குவது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாக உரிமம் வாங்கியிருக்கிறேன். யூஎஸ்பி உள்ள எச்எஃப் (சிற்றலை) டிரான்ஸீவர், அதாவது அனுப்பவும் பெறவும் ஆன ரேடியோ, ஒன்றும் லினக்ஸ் லேப்டாப்பும் இருக்கின்றன. ஹாம்லிப், எஃப்எல்ரிக், எஃப்எல்டிஜி, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை நிறுவுவது?

பதில்: இவை ஒன்றுக்கொன்று போட்டியானவை இல்லை, வெவ்வேறு வேலை செய்பவை. ஹாம்லிப் என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து பலர் சேர்ந்து வளர்த்துவரும் ஒரு லைப்ரரி. அதற்கென்று சன்னலோ பொத்தான்களோ கிடையாது. "இந்த ரேடியோவை இந்த அதிர்வெண்ணுக்கு மாற்று" என்று ஏதாவது ஒரு மென்பொருள் சொன்னால், அதை உங்கள் ரேடியோவுக்குப் புரியும் கட்டளையாக மாற்றி வயரில் அனுப்புவதுதான் அதன் வேலை. எஃப்எல்ரிக், ரேடியோவின் முகப்பைத் திரையில் காட்டும் மென்பொருள். அது ஹாம்லிப்பைச் சார்ந்து இல்லாமல், ஒவ்வொரு மாடலுக்கும் தனக்கென எழுதிய நிரலை வைத்திருக்கிறது. எஃப்எல்டிஜி, பிஎஸ்கே31, ஆர்டிடிஒய் போன்ற டிஜிட்டல் முறைகளுக்கானது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், எஃப்டி8 போன்ற, இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலையும் பிரித்தெடுக்கும் முறைகளுக்கானது. 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் தொடங்கிய திட்டம் அது, எஃப்டி8 அதில் 2017-இல் வந்தது. ரேடியோவோடு பேச அது ஹாம்லிப்பைத்தான் பயன்படுத்துகிறது.

எனவே எதை நிறுவுவது என்பது நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் எதைச் செய்ய நினைத்தாலும், முதலில் ஹாம்லிப்போடு வரும் ரிக்சிடிஎல் என்ற சிறு கருவியை டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மாடல் எண் 1 என்று கொடுத்தால் அது ஒரு பொம்மை ரேடியோ, கேபிளே தேவையில்லை. சிறிய எஃப் தட்டினால் இப்போதைய அதிர்வெண்ணைச் சொல்லும், பெரிய எஃப் தட்டிப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால் மாற்றும். சிறிய எம், பெரிய எம் இரண்டும் இதேபோல மோடுக்கு, அதாவது எந்த முறையில் அனுப்புவது, பெறுவது என்பதற்கு. கை பழகியதும் உங்கள் ரேடியோவின் மாடல் எண்ணைப் பட்டியலில் தேடிக் கொடுங்கள். ஐகாம் ஐசி-7300 என்றால் ஹாம்லிப் 4-இல் அது 3073. இங்கே அதிர்வெண் சரியாக வந்துவிட்டால் கேபிள், டிரைவர், வேகம், அனுமதி எல்லாம் சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு பெரிய மென்பொருளில் கோளாறு வந்தால் அந்த மென்பொருளின் அமைப்புகளை மட்டும் பார்த்தால் போதும். இதைத் தாண்டிக் குதித்து நேராக எஃப்டி8-க்குப் போகிறவர்கள்தான், எங்கே தவறு என்று தெரியாமல் நாள் முழுக்க எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

கேள்வி: லாக் மென்பொருளும் (பேசிய தொடர்புகளைப் பதிவது) டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸும் தனித்தனியாக நன்றாக வேலை செய்கின்றன. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒன்று ரேடியோவைக் காணோம் என்கிறது. ஏன்?

பதில்: சீரியல் போர்ட்டை, அதாவது கணினி ரேடியோவோடு பேசும் வாசலை, ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் வைத்துக்கொள்ள முடியும். இரண்டு பேர் ஒரே போர்ட்டில் கேள்வி கேட்டால் வந்த பதில் யாருடைய கேள்விக்கு என்று தெரியாது, அதனால் இந்தத் தடை நல்லதுதான்.

வழி என்னவென்றால், போர்ட்டை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்வது. ஹாம்லிப்பில் அந்த ஒருவர் ரிக்சிடிஎல்டி. பின்னணியில் ஓடிக்கொண்டு, டிசிபி 4532 என்ற எண்ணில் காத்திருக்கும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ரேடியோ மாடலாக உங்கள் ரேடியோவின் பெயரைக் கொடுக்காமல் ஹாம்லிப் நெட் ரிக்சிடிஎல் என்பதைத் தேர்ந்தெடுத்து, முகவரியாக உங்கள் கணினியையே காட்டி 4532 கொடுங்கள். லினக்ஸில் சிக்யூஆர்லாக் என்ற லாக் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அது ரிக்சிடிஎல்டியைத் தானே தொடங்கிவிடும், நீங்கள் இன்னொன்றைத் தொடங்கினால் பழைய சண்டைதான் மறுபடி வரும். எஃப்எல்ரிக் பிடித்திருந்தால் அதையும் இதே இடத்தில் வைக்கலாம். அது 12345 என்ற எண்ணில் மற்றவர்களுக்குப் பதில் சொல்லும், எஃப்எல்டிஜியும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸும் அதோடு பேசத் தெரிந்தவை. எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், திரையில் எஸ் மீட்டரும் (சிக்னல் வலிமை) பவரும் பார்க்க வேண்டுமென்றால் எஃப்எல்ரிக், சத்தமில்லாமல் வேலை நடந்தால் போதும் என்றால் ரிக்சிடிஎல்டி. இரண்டையும் ஒன்றாகப் போர்ட்டில் உட்கார வைக்காதீர்கள்.

இன்னொன்று. பலர் படிக்கலாம், ஆனால் அதிர்வெண்ணை மாற்றும் வேலையை ஒரு மென்பொருளுக்கு மட்டும் விடுங்கள். இல்லையென்றால் டயல் தானாகக் குதிக்கிறது என்று ரேடியோவைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.

கேள்வி: "அனுமதி இல்லை" என்று வருகிறது. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டினால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். டெபியன், உபுண்டு என்றால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. அப்படியே போர்ட்டின் பெயரையும் சரிசெய்துவிடுங்கள். இன்று யூஎஸ்பி0 என்று இருப்பது, வேறொரு கருவியை முதலில் செருகினால் நாளை யூஎஸ்பி1 ஆகிவிடும். சீரியல் பை-ஐடி என்ற கோப்புறையில் ஒவ்வொரு கருவிக்கும் மாறாத பெயர் இருக்கும், அதைக் கொடுங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் உள்ள கேபிளைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெயில் காட்சிக் கருவிக்கான சேவை அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பொதியை நீக்கலாம்.

கேள்வி: கல்லூரியில் கணினி படிக்கிறேன், பைத்தான் தெரியும். ஹாம்லிப் இல்லாமல் நானே ரேடியோவுக்குக் கட்டளை அனுப்ப முடியுமா? வயரில் உண்மையில் என்னதான் போகிறது?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். முடியும், கட்டாயம் ஒருமுறை செய்து பாருங்கள். 14.074 மெகாஹெர்ட்ஸ், அதாவது 20 மீட்டரில் எஃப்டி8 நடக்கும் இடம், அதற்குப் போகச் சொல்லும் ஒரே கட்டளை மூன்று நிறுவனங்களின் ரேடியோவில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

கென்வுட்டில் இது கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து. எஃப்ஏ என்ற இரண்டு எழுத்துகள், அதன்பின் ஹெர்ட்ஸ் கணக்கில் 11 இலக்கங்கள், அதாவது 00014074000, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். இலக்கம் எதுவும் கொடுக்காமல் எஃப்ஏ, அரைப்புள்ளி மட்டும் அனுப்பினால் அது கேள்வி, ரேடியோ அதே வடிவில் பதில் சொல்லும். டெர்மினல் மென்பொருளில் கையாலேயே தட்டிப் பார்க்கலாம்.

யாயேசுவின் எஃப்டி-817, 857 காலத்து ரேடியோக்களில் எல்லாக் கட்டளையும் சரியாக 5 பைட். முதல் நான்கில் தரவு, ஐந்தாவதில் செய்ய வேண்டிய வேலை. அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் கணக்கில், ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக 01 40 74 00 என்று போகும், அடுத்து 01 என்றால் "இதற்கு மாற்று". வேலை எண் 03 என்றால் "இப்போது எங்கே இருக்கிறாய்". இங்கே எல்லை காட்டும் குறி எதுவும் இல்லை, ஒரு பைட் தவறினால் ரேடியோ மீதிக்காகக் காத்துக்கொண்டு நிற்கும், அதனால் நேரக் கணக்கு முக்கியம். சீரியல் போர்ட் அமைப்பில் ஸ்டாப் பிட் 2 என்பதையும் மறந்துவிடாதீர்கள். யாயேசுவின் பிந்தைய ரேடியோக்கள் கென்வுட் போலவே எழுத்துக்கும் அரைப்புள்ளிக்கும் மாறிவிட்டன, ஆனால் எஃப்டி-991-இல் இலக்கங்கள் 11 அல்ல, 9.

ஐகாமின் சிஐ-வி இன்னொரு மாதிரி. அது ஒரே வயரில் பல ரேடியோக்கள் தொங்கக்கூடிய பஸ் (பொதுத் தடம்), அதனால் ஒவ்வொரு செய்தியிலும் யாருக்கு, யாரிடமிருந்து என்ற முகவரி உண்டு. எஃப்இ எஃப்இ என்று தொடங்கும், அடுத்து பெறுபவர் முகவரி (ஐசி-7300-க்கு 94), அனுப்பும் கணினியின் முகவரி இ0, அப்புறம் கட்டளை, தரவு, கடைசியில் எஃப்டி (FD). எல்லாம் பதினாறின் அடிமான எண்கள். அதிர்வெண் இங்கே தலைகீழாகப் போகும், கடைசி இலக்கங்கள் முதலில்: 00 40 07 14 00. முதலில் பார்க்கும்போது பைத்தியம் பிடிக்கும். ஒரே வயர் என்பதால் நீங்கள் அனுப்பியது உங்களுக்கே திரும்பக் கேட்கும். அந்த எதிரொலியைப் பதில் என்று எண்ணிப் படித்தால் உங்கள் நிரல் எப்போதும் "சரியாக மாறிவிட்டது" என்றே நம்பிக்கொண்டிருக்கும். பெறுபவர் முகவரி இ0 என்று இருப்பதை மட்டும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யோசியுங்கள், இப்படி நூற்றுக்கணக்கான மாடல்கள், ஒவ்வொன்றிலும் சிறு சிறு வித்தியாசம். இதையெல்லாம் ஒரே எஃப், ஒரே எம் என்று சுருக்கிக் கொடுத்திருப்பதன் அருமை, நீங்களே ஒரு ரேடியோவுக்கு எழுதிப் பார்த்தால்தான் தெரியும். எழுதிப் பார்த்தபின் உங்கள் பைத்தான் நிரலை ரிக்சிடிஎல்டியின் 4532-க்கு மாற்றிவிடுங்கள். ஒரு சாக்கெட், ஒரு வரி எழுத்து, எந்த ரேடியோவுக்கும் வேலை செய்யும்.

கேள்வி: மென்பொருளைத் திறந்த உடனே, நான் எதையும் தொடாமலே, ரேடியோ டிரான்ஸ்மிட் ஆகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். சீரியல் போர்ட்டில் தரவு போகும் வயர்கள் தவிர ஆர்டிஎஸ், டிடிஆர் என்று இரண்டு கட்டுப்பாட்டு வயர்கள் உண்டு. பழைய நாளிலிருந்தே அவற்றில் ஒன்றை பிடிடிக்கு (டிரான்ஸ்மிட் செய் என்று ரேடியோவுக்குச் சொல்லும் சிக்னலுக்கு) பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. லினக்ஸில் ஒரு மென்பொருள் போர்ட்டைத் திறந்த கணமே இந்த இரண்டும் உயர்ந்துவிடும். உங்கள் ரேடியோவில் "ஆர்டிஎஸ் உயர்ந்தால் டிரான்ஸ்மிட்" என்று அமைத்திருந்தால், அது சொன்னதைச் செய்கிறது.

பிடிடியையும் கட்டளை வழியாகவே அனுப்புவதுதான் சுத்தமான தீர்வு. ஐசி-7300-இல் யூஎஸ்பி செண்ட் என்ற மெனுவை ஆஃப் ஆக்குங்கள், மென்பொருளில் பிடிடி முறையை சிஏடி (கணினிக் கட்டளை வழி) என்று வையுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ஆர்டிஎஸ், டிடிஆர் இரண்டையும் தாழ்வாக வைக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, ஹாம்லிப்பில் இதையே ஆர்டிஎஸ் ஸ்டேட், டிடிஆர் ஸ்டேட் என்ற அமைப்புகளால் செய்யலாம். மோடம் மேனேஜர் என்ற லினக்ஸ் சேவை, செருகப்படும் ஒவ்வொரு சீரியல் கருவியும் மோடமா என்று தட்டிப் பார்க்கும் பழக்கம் உடையது. மென்பொருள் எதையும் திறக்காமலே ரேடியோ டிரான்ஸ்மிட் ஆனால் அதைச் சந்தேகியுங்கள்.

சோதிக்கும்போது டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை உறிஞ்சிக்கொள்ளும் கருவி), குறைந்த பவர். அப்புறம் ரேடியோவின் மெனுவில் டைம்-அவுட் டைமரைத் தேடி சில நிமிடங்களுக்கு வையுங்கள். டிரான்ஸ்மிட் நடுவில் கணினி உறைந்துபோனால், நிறுத்து என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இந்த டைமரை வைக்காமல் யாரும் கணினியால் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: 5 வாட்டில் எல்லாம் சரி. 100 வாட் வைத்தால் டிரான்ஸ்மிட் நடுவில் யூஎஸ்பி துண்டிக்கப்படுகிறது. மென்பொருளை மறுபடி நிறுவியும் பயன் இல்லை.

பதில்: மென்பொருளை விட்டுவிடுங்கள், இது உங்கள் சொந்த சிக்னல் கேபிளுக்குள் நுழைவது. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடில் முழுப் பவர் கொடுத்துப் பாருங்கள். அங்கே பிரச்சினை இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். யூஎஸ்பி கேபிள் குட்டையாக இருக்கட்டும், ரகம் 31 ஃபெரைட் வளையத்தில் அதைச் சில சுற்றுகள் சுற்றுங்கள். வெறுமனே ஒருமுறை உள்ளே நுழைத்தால் எச்எஃப்-இல் பெரிதாகப் பயன் இருக்காது. கூடவே ஆன்டெனா ஃபீட் இடத்தில் ஒரு சோக் (வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போடுங்கள், ஏனென்றால் ஆன்டெனா கேபிளான கோஆக்ஸின் வெளிப்புறம் வழியாக அறைக்குள் வரும் மின்னோட்டம்தான் பெரும்பாலும் மூல காரணம்.

கேள்வி: டிரான்ஸ்மிட் விளக்கு எரிகிறது, பவர் மீட்டர் அசையவே இல்லை. எஃப்டி8 அனுப்ப முயல்கிறேன்.

பதில்: ரேடியோ மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, உங்கள் ஒலி யூஎஸ்பியில் வருகிறது. மோடை டேட்டா வகைக்கு மாற்றச் சொல்லும் அமைப்பை மென்பொருளில் தேர்ந்தெடுங்கள், ரேடியோவின் மெனுவில் டேட்டா மாடுலேஷன் எங்கிருந்து வர வேண்டும் என்பதை யூஎஸ்பி என்று வையுங்கள். பிறகு ஒலி அளவை ஏற்றும்போது ஏஎல்சி மீட்டர் (ஒலி அளவு மீறுவதைக் காட்டுவது) அதிகம் அசையாத அளவோடு நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.

கேள்வி: ஆர்டுயினோ வைத்து நானே ஒரு டிரான்ஸீவர் செய்திருக்கிறேன். அதை எந்த மாடல் என்று மென்பொருளில் கொடுப்பது?

பதில்: வாழ்த்துகள். ஏற்கெனவே எல்லா மென்பொருளுக்கும் தெரிந்த ஒரு ரேடியோவைப் போல உங்கள் கருவியைப் பேச வைப்பதுதான் எளிது. கென்வுட் டிஎஸ்-480 நல்ல தேர்வு, படிக்கக்கூடிய எழுத்து என்பதால் பிழை தேடுவது சுலபம். முழுவதும் எழுத வேண்டாம். ஐடி கேட்டால் 020 என்று சொல்லுங்கள், எஃப்ஏ, எம்டி (மோடு), டிஎக்ஸ் (அனுப்பு), ஆர்எக்ஸ் (கேள்), ஐஎஃப் (ரேடியோவின் மொத்த நிலை) இவற்றிலிருந்து தொடங்குங்கள். மென்பொருள் இன்னும் எதையாவது கேட்டால் அதைப் பின்னால் சேர்க்கலாம். எம்டியில் 1 எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை), 2 யூஎஸ்பி (மேல் பக்கப்பட்டை, கேபிளின் யூஎஸ்பி இல்லை), 3 சிடபிள்யூ (மோர்ஸ்). ஐஎஃப் மட்டும் கவனம்: அரைப்புள்ளியையும் சேர்த்துப் பதில் சரியாக 38 எழுத்துகள் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஹாம்லிப் ஏற்காது. உங்களிடம் இல்லாத வசதிகளின் இடத்தில் பூஜ்யம் போடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ, நானோ பலகைகளில் இன்னொரு தொல்லை உண்டு. போர்ட் திறக்கும்போது டிடிஆர் மாறுவதால் பலகை ரீசெட் ஆகும், பூட்லோடர் விழித்துத் தயாராவதற்குள் மென்பொருளின் முதல் கேள்விகள் வீணாகிவிடும், "ரேடியோ பதில் சொல்லவில்லை" என்று வரும். ரீசெட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் நின்றுவிடும், புதிய நிரலை ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் வழியாகப் பேச ஆசை. டாப்ளர் விலகலை (செயற்கைக்கோள் நகர்வதால் அதிர்வெண் மாறித் தெரிவதை) கணினியே பார்த்துக்கொள்ளுமா?

பதில்: செயற்கைக்கோளைப் பின்தொடரும் ஜிப்ரெடிக்ட் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ரேடியோவுக்கு 4532, ஆன்டெனா சுழற்றிக்கு 4533 என்று ஹாம்லிப்பின் இரண்டு சேவைகளோடும் பேசும். விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸில் விலகல் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்எம்-இல் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் எஸ்ஓ-50 என்ற செயற்கைக்கோள் கீழே அனுப்பும் 436.795-இல் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ், அங்கே பின்தொடராமல் முடியாது. வரும்போது மேலே, போகும்போது கீழே. சுற்றுப்பாதைத் தரவை அவ்வப்போது புதுப்பியுங்கள், கணினிக் கடிகாரம் சரியாக இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டில் இருக்கும்போது அதிர்வெண்ணை மாற்ற விடாத ரேடியோக்களும் உண்டு, உங்களுடையது எப்படி என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வெளியூரிலிருந்து வீட்டு ரேடியோவை இயக்க ரிக்சிடிஎல்டியின் போர்ட்டை ரௌட்டரில் திறந்துவிட்டால் போதுமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். வழக்கமான அமைப்பில் அது கடவுச்சொல் கேட்பதில்லை, எல்லா நெட்வொர்க் இணைப்புகளிலும் காது கொடுக்கும். யாரோ ஒருவர் ஒரு வரி அனுப்பி உங்கள் அழைப்புக்குறியின் பெயரில் டிரான்ஸ்மிட் செய்ய முடியும், பொறுப்பு உரிமம் வைத்திருக்கும் உங்களுடையது. அதை உள்முகவரியில் மட்டும் கேட்கும்படி தொடங்கி, வயர்கார்ட் அல்லது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளே வாருங்கள். இணைப்பு அறுந்தால் டிரான்ஸ்மிட் நிற்க ஒரு வழி வேண்டும், மேலே சொன்ன டைமர் இங்கே இரட்டிப்பு அவசியம். தொலைவிலிருந்து இயக்குவதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் உரிமத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: என் ரேடியோ பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஸ்பிளிட் (ஓர் அதிர்வெண்ணில் கேட்டு இன்னொன்றில் அனுப்புவது) மட்டும் தவறாக நடக்கிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இதை யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதில்: நிறைய ஆகும். ஹாம்லிப் எழுதுகிறவர்களிடம் எல்லா ரேடியோவும் இல்லை, இருக்கவும் முடியாது. கையேட்டைப் பார்த்து எழுதிவிட்டு, வைத்திருப்பவர் யாராவது சோதித்துச் சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்தில் ஆல்ஃபா, பீட்டா, ஸ்டேபிள் என்று நிலை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலை உயர்வது உங்களைப் போன்றவர்களின் சோதனையால்தான்.

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ரிக்சிடிஎல் கட்டளையோடு ஐந்து முறை வி சேர்த்து ஓட்டினால், வயரில் போன ஒவ்வொரு பைட்டும், திரும்பி வந்த ஒவ்வொரு பைட்டும் திரையில் வரும். ஸ்பிளிட்டை ஆன் செய்து, இரண்டாவது விஎஃப்ஓவை (அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) மாற்றி, ஆஃப் செய்யுங்கள். அந்த முழு வெளியீட்டையும் ஒரு கோப்பாகச் சேமித்து, ஹாம்லிப் பதிப்பு எண், ரேடியோவின் ஃபர்ம்வேர் பதிப்பு, என்ன நடக்க வேண்டும், ரேடியோவின் திரையில் உண்மையில் என்ன நடந்தது என்ற நான்கையும் சேர்த்துத் திட்டத்தின் பிழைப் பதிவில் போடுங்கள். திருத்தம் ஒன்று எழுதி "இதைச் சோதித்துப் பாருங்கள்" என்று கேட்டால் பழைய பதிப்பை எங்கேயாவது பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதை ஓட்டி, சரியாகிவிட்டது அல்லது இன்னும் இல்லை என்று அதே இடத்தில் பதில் எழுதுங்கள். அந்தப் பதில் வராததால் பாதியில் நிற்கும் திருத்தங்கள் நிறைய.